காத்தாடிச் சேர்வராயன்

ஏரியும் லாட்ஜுகளும் முதுகுக்குப் பின்னால் மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. செம்மநத்தம் போகிற குறுகலான ரோட்டில் தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எதை விட்டுப் போகிறேன் என்பது மட்டும் தெரியும். ஒரு வளைவில், ஓட்டு வீட்டின் கூரைக்கு மேலே அதைப் பார்த்தேன். இரும்புக் கம்பத்தின் நுனியில் மூன்று இறக்கை வைத்த காத்தாடி. விரித்த குடையைவிடக் கொஞ்சம் பெரிது. அது சுற்றவில்லை. கம்பத்தில் ஒரு கயிறும் கயிற்றில் ஒரு ஒயர் கூடையும் இருந்தன. ஒரு பெண் கொடியேற்றுவதுபோல அந்தக் கூடையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். உச்சிக்குப் போனதும் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். கூடைக்குள் மணி அடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. சரசரவென்று கூடையை இறக்கி, உள்ளிருந்து ஒரு போனை எடுத்து, அதிலிருந்த எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குக் காத்தாடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிறந்தவர்கள் காற்றுக்குச் சாய்ந்து நடந்தே வளர்ந்தவர்கள். நம் வயல்களுக்கு நடுவே நிற்கிற காத்தாடிகளின் ஒரு இறக்கையை ஏற்றிவந்தாலே லாரி திரும்ப முடியாமல் பாதி நாள் ரோடு அடைத்துக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றான பிறகு அந்தக் காத்தாடிகளுக்குள்தான் நான் வேலை பார்த்தேன். உள்ளே ஏணி இருக்கும். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறி, போல்ட்டுகளை இறுக்கி, கிரீஸ் வைத்துவிட்டு இறங்க வேண்டும். மேலே நின்றால் என் வீட்டுக் கூரை தெரியும். அந்த வீட்டில் மின்சாரம் அடிக்கடி இருக்காது. நம் காற்றில் விளைந்த மின்சாரம் கம்பி வழியாக எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. நானும் அதைப்போலத்தான் கிளம்பிப் போனேன். கோவா, சூரத், பெல்லாரி என்று சுற்றினேன். காத்தாடி என்றால் யாரோ ஒருவருக்கு எங்கேயோ சொந்தமான பெரிய விஷயம் என்பதுதான் என் மனதில் இருந்தது. ஒரு வீட்டுக்குச் சொந்தமான காத்தாடியை முதன்முதலாக இந்த மலையில்தான் பார்த்தேன்.

லாட்ஜை விட்டதில் சண்டை எதுவும் இல்லை. மேனேஜர் சேலத்துக்காரர், மரியாதையான மனிதர். படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. தண்ணீர் குளிரும், கை வெடிக்கும், சாப்பாடு நன்றாக இருக்கும். சம்பளம் மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் போடுவதுபோல எனக்கும் அக்கவுண்டில் போட்டார்கள். அது போன வழியே திரும்பி வந்தது. பேங்கில் நான் கொடுத்திருந்த போன் நம்பர், சூரத்தில் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்த காலத்தில் செத்துப்போய் வேறு யாருக்கோ பிறந்துவிட்டது. அந்த நம்பருக்கு நான் அடித்துப் பார்த்தேன். இந்தியில் ஒரு பெண் திட்டினார். நம்பரை மாற்ற வேண்டும் என்றால் பழைய நம்பருக்கு வருகிற எண்களைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆரல்வாய்மொழிக்கே நேரில் போக வேண்டும். மேனேஜர், "கையில குடுக்க எங்களுக்கு அனுமதி இல்லீங்க, ஆடிட்டிங்ல கேப்பாங்க" என்று உண்மையிலேயே வருந்தினார். தன் பையிலிருந்து கொஞ்சம் பணம் தந்தார். அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காத்தாடி வீட்டு முன்னால் நான் நின்றதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் பெயர் வெள்ளையம்மா என்பது பிறகு தெரிந்தது. பின்னாலேயே அவர் கணவர் வந்து கதவில் சாய்ந்து நின்றார். மூச்சு அவருக்கு விசிலடித்துக்கொண்டு வந்தது. பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நெஞ்சு ஏறி இறங்கியது.

"இந்தக் காத்தாடிய யாரு போட்டது அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

வெள்ளையம்மாவுக்கு முகம் மாறியது. "ஏனுங்க, நாங்க என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறோம், அண்ணாச்சிங்கறீங்க?"

"எங்க ஊர்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் ஆரல்வாய்மொழி. காத்தாடி வேலை பாத்தவன்."

சொன்னதும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. "கம்பெனிக்காரருங்களா? நெலம் குடுக்கறதா இல்லீங்க. காப்பிச் செடி நாலு இருக்குது, அதையும் புடுங்கிப்போட்டு ஊடு ஒசரத்துக்குத் தூணு நடுவீங்களா? போயிட்டு வாங்க சாமி."

என் பையைத் திறந்து காட்டினேன். ஒரு லுங்கி, இரண்டு சட்டை, ஒரு ஸ்பேனர். கம்பெனிக்காரன் இப்படி நடந்து வரமாட்டான் என்று கணவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. "உள்ள வாங்க தம்பி. காத்தாடி தெரிஞ்ச ஆளே வந்திருக்கறாரு, இந்தச் சனியன் ஏன் சுத்த மாட்டேங்குதுன்னு கேக்கலாம்" என்றார். காப்பி கொடுத்தார்கள். கைநிறையச் சூடான டம்ளரோடு நான் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை இது.

அவர் பெயர் சேர்வராயன். மலைமேல் கோயில் கொண்டிருக்கிற சாமியின் பெயர். அந்தச் சிற்றூரில் முதல் ஆண்பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. மேட்டுச் சேர்வராயன், மொட்டைச் சேர்வராயன், ரேடியோச் சேர்வராயன் என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். இவர் அப்போது சுனைச் சேர்வராயன். கரண்டு பில்லை முன்பெல்லாம் கீழே போய்க் கவுண்டரில் கட்டுவார்கள். அங்கே இருந்தவருக்கு இவர்களை முகம் தெரியும். பிறகு மருமகன் போனிலேயே கட்டும்படி செய்து கொடுத்தார். பெயரைப் பார்த்து, ஊரைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று ஏற்றினார். போனுக்கு அடையாளப் பெயர் தெரியாது. அவர் ஏற்றியது பக்கத்து வீட்டுச் சேர்வராயனின் இணைப்பை. அந்தச் சேர்வராயன் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டவர். வீடு பூட்டிக் கிடக்கிறது. வாசலில் ஒரு குண்டு பல்பு அணைக்காமல் எரிகிறது, உள்ளே காலி ஃபிரிட்ஜ் ஓடுகிறது.

"பில்லு கம்மியா வருதேன்னு சந்தோசப்பட்டமுங்க" என்றார் வெள்ளையம்மா. "ஒரு நாளு எங்க பியூஸப் புடுங்கிட்டாங்க. கட்டிட்டமுங்கறோம், கட்டலீங்கறாங்க. ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தான்."

மின்சார ஆபீஸில் யாரும் கடுமையாகப் பேசவில்லை. நாள் கடந்து பழைய இணைப்பே ரத்தாகிவிட்டதால் புதிய இணைப்புக்கு மனுப் போடச் சொன்னார்கள். அதற்குப் பட்டா கேட்டார்கள். பட்டா இவருடைய தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா பெயரும் சேர்வராயன். செத்துப்போன சேர்வராயன் வேறு, மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நிற்கிற சேர்வராயன் வேறு என்று காகிதத்தில் காட்டுகிற வேலை இன்னும் முடியவில்லை. இருட்டை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல்போனது மூச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய, மருந்தை ஆவியாக்கித் தருகிற மிஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடுபனி இறங்கினால் அவருக்கு அது வேண்டும். கரண்டும் ஆளும் இருக்கிற அடுத்த வீடு ஏற்றத்தில் இருக்கிறது. அங்கே ஏறிப் போனாலே மூச்சு இன்னும் போகிறது. சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் சித்ரா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை டெம்போவோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அப்பாவைக் கீழே கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்வது என்று முடிவு. அந்த மிஷின் இந்த வீட்டிலேயே ஓடினால் மட்டும்தான் அவர் இங்கே இருக்கலாம்.

"ரெண்டு ரூமு ஊடுங்க. நல்லாத்தான் பாத்துக்குவா" என்றார் சேர்வராயன். ஊரை விட்டுப் போவதை நான் பலமுறை செய்திருக்கிறேன். எனக்கு அது சட்டை மாற்றுவதுபோல. அவர் தன் கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அது எல்லோருக்கும் அப்படி அல்ல என்று தெரிந்தது.

காத்தாடி அவரே செய்தது. சேலத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் சக்கர மோட்டாரை வாங்கி, பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் அறுத்து இறக்கை செதுக்கி, டிராக்டர் பேட்டரியில் மின்சாரம் சேரும்படி கட்டியிருந்தார். பேட்டரியிலிருந்து ஒரு இன்வெர்ட்டர். கணவாய்க் காத்தாடிகளின் வயிற்றுக்குள் வாழ்ந்த நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு இறக்கையும் மற்றதோடு எடைக்கு எடை நின்றது. தராசு இல்லாமல் கயிற்றில் தொங்கவிட்டே அதைச் சரிபார்த்திருக்கிறார். நம் கணவாயில் எத்தனையோ என்ஜினியர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் யாரும் தங்கள் வீட்டுக்கு ஒன்று செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

"இது நல்லாத்தான் இருக்கு. எடம்தான் தப்பு. அந்தப் பாறை மேல கொண்டு வச்சா சும்மா பறக்கும்" என்றேன், வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையைக் காட்டி. கணவாய்க்காரன் புத்தி அது. உயரம் இருந்தால் காற்று இருக்கும்.

வெள்ளையம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன வருசம் அங்கதான் வெச்சமுங்க தம்பி. ஆடிக்காத்துல ஒரு றெக்க பிச்சுக்கிட்டுப் போயி செம்மநத்தத்துல ஒருத்தரு தோட்டத்துல கெடந்துச்சு. அவரு அத நாயிக்குத் தண்ணி வெக்கறதுக்கு வெச்சிருந்தாரு." பாறை மேல் காற்று சுழன்று அடிக்கும், முறிக்கும் என்றார். நல்ல காற்று மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து சரிவோடு ஒட்டி ஏறி வரும். வீட்டுக்கு நேர் எதிரே வரும். ஆனால் பள்ளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பக்கத்து எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்து அடைத்துவிட்டன. காப்பிச் செடிக்கு நிழலுக்காக வைத்த மரங்கள். வருடா வருடம் கிளை கழிக்க வேண்டும். மரம் ஏறுகிற ஆட்கள் கேரளாவுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதால் கழிக்காமல் கிடக்கின்றன. எஸ்டேட்டின் கணக்கைப் பார்க்கிற ரைட்டரிடம் கேட்டால், ஆள் கிடைத்ததும் முதலில் இதைத்தான் செய்வோம் என்று போன வருடமே சொல்லியிருக்கிறார்.

வெள்ளையம்மா சொல்லி முடித்துவிட்டு என்னையே பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

எனக்கு ஏணி தெரியும், பெல்ட் தெரியும், உயரம் பயமில்லை. மரம் ஏறியதில்லை. சேர்வராயன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றில் ஒரு வளையம் முடிந்து, அதில் இரண்டு பாதங்களையும் நுழைத்து எப்படி உந்த வேண்டும் என்று காட்டினார். கொடுவாளை முதுகில் சொருகிக் கொடுத்தார்கள். அடிமரத்தில் மிளகுக்கொடி சுற்றிப் படர்ந்திருந்தது.

"மொளகுக் கொடி மேல காலு படக்கூடாதுங்க. உசுரு போனாலும் கொடி போகக்கூடாது" என்றார் வெள்ளையம்மா.

"ஆரு உசுரு புள்ள, உன்றதா அவருதா?" என்று கேட்டார் சேர்வராயன்.

"அவருதுதானுங்க. நானா ஏறறேன்?"

பாதி மரத்தில் ஒருமுறை வழுக்கி முழங்கை தோல் உரிந்தது. அதற்கு மேல் பழகிவிட்டது. வெட்டிய கிளை காப்பிச் செடி மேல் விழுந்தால் செடி முறிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கிளையையும் முதலில் கயிற்றில் கட்டி, வெட்டியபின் மெதுவாக இறக்கினேன். பெரிய காத்தாடிகளின் மேலேயிருந்து சாமான் இறக்கிய பழக்கம் அந்த ஒரு விஷயத்தில் உதவியது. கீழே வெள்ளையம்மா கயிற்றைப் பிடித்து, "அக்கட்ட, அக்கட்ட" என்று திசை சொல்லி, செடிகளுக்கு நடுவே கிளையைப் படுக்கவைத்தார். முதல் மரம் முடிந்து இரண்டாவது மரத்தில் பாதி முடிந்தபோது முகத்தில் காற்று பட்டது. கணவாய்க் காற்று அறைகிற காற்று. இது மாடு முகர்ந்து பார்ப்பதுபோல ஈரமாக, நிதானமாக, பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. திரும்பிப் பார்த்தேன். காத்தாடி ஒரு சுற்று சுற்றி நின்றது. யோசித்தது. பிறகு நிற்கவில்லை.

சேர்வராயன் பேட்டரிக்கு அருகில் உட்கார்ந்து, அதில் மின்சாரம் இருக்கிறது என்று காட்டுகிற கடுகளவு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியதும் வெள்ளையம்மா எனக்குச் சோறு போட்டார். சாமைச் சோறும் பருப்பும். பூட்டிய பக்கத்து வீட்டு வாசலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் சிம்னி விளக்கு. எனக்குத் தாங்கவில்லை. "நீங்க காசு கட்டுற கரண்டுதான அது. அந்தப் பல்புலேந்து ஒரு ஒயர இழுத்து மிஷின ஓட்டியிருக்கலாமே. எனக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"திருப்பூருல இருக்கறவரக் கேக்காமலுங்களா?" என்றார் வெள்ளையம்மா.

"கேளுங்க."

"போன் நம்பரு மாறிப்போச்சுங்க. அடிச்சா வேற ஆரோ பேசறாங்க."

என் பழைய நம்பரில் திட்டிய பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

"இப்பவும் அந்த ஊட்டுக்கு நாந்தானுங்க கட்டறேன்" என்றார் அவர். "இன்னைக்கு நீங்க வரயில கூடைய ஏத்திட்டு இருந்தனே, அதுக்குத்தான். போனு ஒரு நம்பரு அனுப்பும், அதச் சொன்னாத்தான் காசு எடுத்துக்கும். தரையில நின்னா சிக்னலு கெடைக்காதுங்க. நாம பாட்டுக்கு நிறுத்திட்டம்னா அவரு ஊட்டு பியூஸயும் புடுங்கீருவாங்க."

"புடுங்கட்டுமே. யாரும் இல்லாத வீடுதான?"

சேர்வராயன்தான் பதில் சொன்னார். பேட்டரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பொழைக்கப் போனவரு தம்பி. எப்ப வேணாலும் வருவாரு. ராத்திரியில வந்து எறங்குனா, ஊட்டுல வெளிச்சம் இருக்கோணுமில்லீங்க."

எத்தனையோ ஊர்களில் கிடந்திருக்கிறேன். நான் விட்டுவந்த இடத்தில் எனக்காக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எரிந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எங்கேயோ ஒரு பனியன் கம்பெனியில் நிற்கிற அந்த மனிதருக்கு எரிகிறது, அவருக்கே தெரியாமல். தன் மூச்சுக்குக் கூட அதிலிருந்து எடுத்துக்கொள்ளாத இரண்டு பேர் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் கூட்டத்தில், கிளம்பிப் போனவர்களில், இதைப் படிக்கிறவர்களுக்கு அதை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

காப்பி காயவைக்கிற கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்தேன். காத்தாடியின் சத்தம் விசிறிபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. டெம்போவின் விளக்குகள் முதலில் தெரிந்தன, பிறகு சித்ரா இறங்கினார். கையில் அப்பாவுக்கு ஒரு புதுக் கம்பளி. கோபத்தோடு வந்தவர் இல்லை, தூங்காமல் வந்தவர். "கெளம்பலாமுங்களா அப்பா?" என்றார். சேர்வராயனால் பதில் சொல்ல முடியவில்லை. பனி அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. வெள்ளையம்மா மிஷினில் மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டிவிட்டு, இன்வெர்ட்டர் சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. அவர் மூச்சிழுத்தார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், வெள்ளையம்மா பச்சை விளக்கைப் பார்த்தார், நான் ஜன்னல் வழியாக இறக்கைகளைப் பார்த்தேன். மருந்து தீர்ந்து மிஷினின் சத்தம் வெறும் காற்றாக மாறியது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சேர்வராயன் முகமூடியை இறக்கிவிட்டு, முழு வாக்கியம் ஒன்றை நடுவில் நிற்காமல் சொன்னார். "டெம்போக்காரருக்குக் காப்பி குடுத்தியா புள்ள?"

சித்ரா சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைக்காலம் முடிகிற வரைக்கும் பார்க்கலாம், ஒரு நாள் மிஷின் நின்றாலும் மறுநாளே வந்து நிற்பேன் என்றார். வந்த வண்டி வெறுமனே போக வேண்டாம் என்று அப்பா ஏற வேண்டிய இடத்தில் பலாப்பழங்களை ஏற்றி அனுப்பினார்கள். சித்ரா கம்பளியை வைத்துவிட்டுப் போனார்.

டெம்போ போன திசையிலிருந்தே ஒரு பைக் வந்தது. எஸ்டேட் ரைட்டர். மொட்டையாக நின்ற இரண்டு மரங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "எங்க மரத்துல ஆருங்க கை வெச்சது?" என்றார். நான் முன்னால் போய் நின்றேன். பையைக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டேன், கிளம்பத் தயாராக. அவர் என் முழங்கையைப் பார்த்தார். பிறகு கீழே போய்ச் செடிகளுக்கு நடுவே படுத்திருந்த கிளைகளைப் பார்த்தார். ஒரு செடிகூட முறியவில்லை, மிளகுக்கொடியில் ஒரு இலையும் கசங்கவில்லை. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"இன்னும் இந்தச் சரிவு பூரா இருக்குதுங்க. ஏறுவீங்களா?"

"ஏறுவேன்."

"அக்கவுண்ட் இருக்குதுங்களா? எங்குளுக்குக் கூலி அக்கவுண்ட்லதான் போடோணும்."

இதற்கு மேல் நடப்பது எனக்குத் தெரியும். பையை மறுபடி சரிசெய்துகொண்டேன். அப்போது சேர்வராயன் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்ற பேருல போடுங்க" என்றார்.

"பேருங்க?"

"சேர்வராயன்."

ரைட்டர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் கீழிருந்து வந்தவர் என்றாலும் அந்த மலையில் நெடுநாள் கணக்கு எழுதியவர். "எந்தச் சேர்வராயனுங்க?"

வெள்ளையம்மா கூரைக்கு மேலே கையைக் காட்டினார். "காத்தாடிச் சேர்வராயன்னு எழுதிக்கோங்க."

அப்படி எழுதுவதற்கு அந்தப் போனில் இடமில்லை. சேர்வராயன் என்று மட்டும் ஏறியது. உறுதி செய்ய ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள் என்று ரைட்டர் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். நான் காலில் கயிற்றை மாட்டிக்கொண்டு மூன்றாவது மரத்தில் ஏறினேன். உச்சிக்குப் போனபோது பனி விலகியிருந்தது. ஒரு பக்கம் பூட்டிய வீட்டின் பல்பு பகல் வெளிச்சத்தில் மங்கலாக எரிந்தது. மறுபக்கம், சுற்றுகிற இறக்கைகளுக்குக் கீழே, ஒயர் கூடை கயிற்றில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் நின்றது. மணிச்சத்தம் எனக்கே கேட்டது. வெள்ளையம்மா கூடையை இறக்கி, ஒவ்வொரு எண்ணாகச் சரிவு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னார். கீழே ரைட்டர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அழுத்தினார். "ஏறிருச்சுங்க" என்றார் அவர், என்னை அண்ணாந்து பார்த்து. "சேர்வராயன், ஆரம்பிங்க."

முதுகிலிருந்து கொடுவாளை எடுத்தேன்.